ஒற்றை நுரையீரல் சுவாசமும் விழுந்த குருதியமுக்கமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையில் குருதியமுக்கம் விழுந்தால் கை முதலில் சேலைனுக்குப் போகும், அடுத்து நோரட்ரினலினுக்குப் போகும். ஒரு நுரையீரலில் மட்டும் சுவாசம் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியில் அந்த இரண்டுக்கும் முன்னால் வென்டிலேட்டரின் திரையைப் பார்க்க வேண்டும். அது ஏன் என்பதைக் காட்டவே இந்த நிகழ்வை எழுதுகிறோம்.

இதில் வருபவர் ஒரு தனி நோயாளி அல்ல. திருகோணமலைக் கரையோரத்தில் நீண்டகாலம் புகைத்த ஒரு மீனவரிடம் எதிர்பார்க்கக்கூடிய நோய்நிலையை எடுத்து, சத்திரசிகிச்சைக் கூடத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பணிபுரியும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு இது. அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி கணக்கிடப்பட்டவை.

நோயாளி

திருக்கடலூரைச் சேர்ந்த 54 வயது ஆண். உயரம் 165 செ.மீ., எடை 52 கிலோ. 35 ஆண்டுகளாகப் பீடி புகைப்பவர். தொழில் காலம் முடியும்வரை காய்ச்சலோடும் வலப்பக்க நெஞ்சுவலியோடும் கடலுக்குப் போய், மாரி தொடங்கிய பிறகுதான் வைத்தியசாலைக்கு வந்தார். வலது நெஞ்சறையில் சீழ். வடிகுழாய் போட்டு மூன்று வாரம் ஆகியும் நுரையீரல் விரியவில்லை. சி.ரி. படத்தில் வலது நுரையீரலைச் சுற்றித் தடித்த சவ்வுத்தோடும், பல அறைகளாகப் பிரிந்த சீழும் தெரிந்தன. இடது நுரையீரலின் மேல்மடலில் எம்பைசீமா, அதாவது சிற்றறைச் சுவர்கள் சிதைந்து காற்று தேங்கும் நோய். வலது பக்கத்தைத் திறந்து தோட்டை உரித்தெடுக்கும் டிகோட்டிகேஷன் தீர்மானிக்கப்பட்டது.

முதல் செக்கனில் ஊதித்தள்ளும் காற்று 1.2 லீற்றர். மொத்தமாக ஊதும் காற்றோடு அதன் விகிதம் 0.52. அறைக்காற்றில் எடுத்த நாடிக்குருதியில் பி.எச். 7.39, காபனீரொட்சைட்டு 46 மி.மீ., ஒட்சிசன் 71 மி.மீ., பைகாபனேற்று 27. ஹீமோகுளோபின் 10.2. எக்கோவில் வலது இதயவறை சற்றே பெருத்திருந்தது. நுரையீரல் நாடியின் மேல் அமுக்கம் ஏறத்தாழ 42 மி.மீ. என மதிப்பிடப்பட்டது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நடந்தவை எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது.

ஆயத்தம்

சீழ்த் தொற்று இருந்ததால் முள்ளந்தண்டு வழி வலியடக்கமான எபிடியூரல் தவிர்க்கப்பட்டது. வலியடக்கத்துக்கு முதுகுத் தசைக்கு அடியில் ஊசி மருந்து கொடுக்கப்பட்டது. கழுத்து நாளக்குழாய் வலது பக்கத்திலேயே போடப்பட்டது. குத்தும்போது தவறி நுரையீரலில் துளை விழுந்தாலும் அது எப்படியும் திறக்கப்போகும் பக்கம். இடது பக்கம் குத்தித் துளை விழுந்தால், நோயாளி நம்பியிருக்கும் ஒரே நுரையீரல் போய்விடும். நாடிக்குழாயை மயக்கத்துக்கு முன்பே போட்டார்கள். இப்படிப்பட்ட நோயாளியில் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க அதைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

பென்ரனில் 100 மைக்ரோகிராம், புரொபொபோல் 80 மி.கி., றொக்குறோனியம் 50 மி.கி. இரு நுரையீரலுக்கும் தனித்தனிக் குழல் உள்ள இடப்பக்க இரட்டைக்குழல் ரியூப், அளவு 37 பிரெஞ்ச். 170 செ.மீ. உயரத்துக்குப் பல்வரிசையில் 29 செ.மீ. ஆழம், ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் 1 செ.மீ. கூட்டல் அல்லது கழித்தல் என்ற கணக்கில் 28.5 செ.மீ.யில் நிறுத்தப்பட்டது. புரொங்கோஸ்கோப்பால் பார்த்தபோது நீலநிறக் கவ்வுப்பை மூச்சுக்குழல் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இடது கிளைக்குள் இருந்தது. அந்தக் கவ்வுப்பைக்கு 2 மி.லீ. காற்று போதுமாக இருந்தது. 3 மி.லீ.க்கு மேல் கேட்கிறதென்றால் ரியூப் சிறியது, அல்லது இடம் தவறியிருக்கிறது. நோயாளியை இடப்பக்கம் திருப்புவதற்கு முன்னரே இந்தப் பையை நிரப்ப வேண்டும். திரும்பிய பிறகு வலப்பக்கச் சீழ் கீழே இருக்கும் நல்ல நுரையீரலுக்குள் வடிய வழி விடக்கூடாது. திருப்பிய பின் மறுபடியும் புரொங்கோஸ்கோப் போட்டுப் பார்த்தார்கள். கழுத்து அசையும்போது ரியூப் ஒரு சென்ரிமீற்றராவது நகரும் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

மயக்கம் செவோபுளூரேனில், 1 மாக் அளவுக்குக் கீழே (மாக் என்பது பாதிப்பேர் கீறலுக்கு அசையாதிருக்கும் மயக்கவாயுச் செறிவு).

முதல் வீழ்ச்சி

தோலைக் கீறியபோது வலது குழல் அடைக்கப்பட்டு இடது நுரையீரல் மட்டும் ஓடத் தொடங்கியது. வென்டிலேட்டர் இரண்டு நுரையீரலுக்கும் இருந்த அதே அமைப்பில் தொடர்ந்தது: ஒரு மூச்சுக்கு 420 மி.லீ., நிமிடத்துக்கு 18 மூச்சு, உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் 1:2, பீப் (வெளிமூச்சின் முடிவில் நுரையீரலில் விட்டுவைக்கும் அமுக்கம்) 5 செ.மீ. நீர், ஒட்சிசன் 100 வீதம். குருதியமுக்கம் 118/70. பன்னிரண்டு நிமிடத்தில் அது 78/46 ஆனது. நாடித்துடிப்பு 112. மைய நாள அமுக்கம் 8 இலிருந்து 14 ஆக ஏறியது. மூச்சோடு வரும் நாடியலையின் ஏற்ற இறக்கம் 16 வீதம். ஒட்சிசன் செறிவு மட்டும் 98 வீதத்தில் அசையாமல் நின்றது.

எல்லோரையும் ஏமாற்றியது அந்த 98தான். வாரக்கணக்கில் சுருங்கிக் கிடந்த வலது நுரையீரலுக்குக் குருதியோட்டம் ஏற்கெனவே குறைந்துபோயிருந்தது. ஒட்சிசன் குறைந்த சிற்றறைகளுக்குப் போகும் நாளங்கள் தாமாகவே சுருங்கி, குருதியைக் காற்றுள்ள பக்கத்துக்குத் திருப்பும். 1946இல் ஒய்லரும் லில்யெஸ்ட்ரான்டும் பூனைகளில் விவரித்த செயல் இது. சாதாரண நுரையீரலில் அது சில செக்கன்களில் தொடங்கி, முதற்கட்டம் 20 முதல் 30 நிமிடத்தில் நிலைபெறும். அதுவரை காற்றில்லாத பக்கத்தால் வீணே கடந்துபோகும் குருதி ஒட்சிசனை இழுத்து இறக்கும். இந்த நோயாளியிடம் அந்தத் திருப்பம் வீட்டிலிருக்கும்போதே முடிந்துவிட்டது. அதனால் ஒட்சிசன் குறையவில்லை. ஆனால் அதே காரணத்தால் இதயம் அனுப்பும் குருதி ஏறத்தாழ முழுவதும் எம்பைசீமாவால் சிதைந்த இடது நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்களுக்குள்ளேயே போயாக வேண்டும். அந்த ஒரு வழியை வென்டிலேட்டர் நெரித்தால் வலது இதயவறைக்கு மாற்று வழி கிடையாது.

சீழ் நோயாளி என்பதால், தொற்று உடலெங்கும் தாக்கும் செப்சிஸ் என்றே முதலில் எண்ணப்பட்டது. 500 மி.லீ. சேலைன் ஏறியது. நோரட்ரினலின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.08 மைக்ரோகிராமில் தொடங்கியது. அமுக்கம் 86/50க்கு வந்து அங்கேயே நின்றது. நாடியலை ஏற்ற இறக்கம் 16 என்பது நீர் கேட்கும் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இங்கே அந்த எண்ணை நம்பக்கூடாது. நெஞ்சு திறந்திருக்கும்போதும், மூச்சளவு சிறிதாக இருக்கும்போதும் அது நம்பகம் இழக்கும். அதைவிட முக்கியமாக, வலது இதயவறை ஒவ்வொரு உள்மூச்சிலும் எதிரமுக்கத்தில் முட்டித் திணறும்போதும் அதே ஏற்ற இறக்கம் வரும். அப்போது நீர் ஏற்றினால் வலது அறை மேலும் பெருத்து, நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளி, இடது அறை நிரம்புவதையே கெடுக்கும்.

திரையில் இருந்த விடை

வென்டிலேட்டரின் ஓட்டவளைவில், வெளிமூச்சின் கோடு பூச்சியத்தைத் தொடுமுன்பே அடுத்த மூச்சு ஏறிக்கொண்டிருந்தது. வெளிமூச்சின் முடிவில் பிடித்துவைத்து அளந்தபோது மொத்த பீப் 13. வைத்தது 5. மீதி 8 வெளியேற நேரமில்லாமல் சிறைப்பட்ட காற்று. இதுதான் ஓட்டோ-பீப்.

கணக்கைச் செய்து பார்த்தால் அது வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. உச்ச அமுக்கம் 38, உள்மூச்சின் முடிவில் காற்றோட்டத்தை நிறுத்தி அளக்கும் சமநிலை அமுக்கம் 27, வேறுபாடு 11. 420 மி.லீ. 1.1 செக்கனில் போகிறது, அதாவது செக்கனுக்கு 0.38 லீற்றர். 11ஐ அதால் வகுத்தால் தடை ஏறத்தாழ 29. இதில் கணிசமான பங்கு ரியூபின் ஒடுங்கிய குழலுடையது. சமநிலை 27இலிருந்து மொத்த பீப் 13ஐக் கழித்தால் தள்ளும் அமுக்கம் 14. 420ஐ 14ஆல் வகுத்தால் விரியும் தன்மை 30 மி.லீ. இரண்டையும் பெருக்கினால், நுரையீரல் நிரம்பவோ காலியாகவோ எடுக்கும் வேகத்தைச் சொல்லும் காலமாறிலி 0.9 செக்கன். அது உள்மூச்சுக்கு. எம்பைசீமாவில் வெளிமூச்சின்போது சிறு காற்றுக்குழல்கள் தாமே மடிந்து ஒடுங்குவதால் வெளிமூச்சின் தடை இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் போகும், காலமாறிலியும் 2 செக்கனைத் தாண்டும். காற்று நன்றாக வெளியேற மூன்று காலமாறிலி வேண்டும். கொடுக்கப்பட்டது 2.2 செக்கன்.

இந்தக் கணக்கில் அடிக்கடி ஒரு பிழை நடக்கிறது. தள்ளும் அமுக்கத்தைக் காண, வைத்த பீப்பான 5ஐக் கழிப்பார்கள். அப்போது 22 வரும், நுரையீரல் விறைத்துவிட்டது என்று தோன்றும், பீப்பைக் கூட்டும் எண்ணம் வரும். கழிக்க வேண்டியது அளந்த மொத்த பீப்பை.

சோதனை எளிது. ரியூபிலிருந்து சுவாசக் குழாயைக் கழற்றி 15 முதல் 20 செக்கன் விடுவது. ஒட்சிசன் 100 வீதத்தில் இருந்ததால் அதற்குத் தாராளமாக இடமிருந்தது. குழாயைக் கழற்றியதும் நீண்டு தொடர்ந்து காற்று சீறி வெளியேறும் சத்தம் கேட்டது. நாடிக்குழாய் அலை ஒவ்வொரு துடிப்பாக உயர்ந்து, இருபதாவது செக்கனில் மேல் அமுக்கம் 104. மருந்தில் எந்த மாற்றமும் இல்லை. செப்சிஸ் இருபது செக்கனில் குணமாவதில்லை.

கழற்றியும் அமுக்கம் ஏறாதிருந்தால் வேறு இடங்களில் தேட வேண்டும். சத்திரசிகிச்சை வைத்தியரின் கையோ விலக்கியோ இதயத்தை அழுத்துகிறதா என்று முதலில் கேட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பத்துச் செக்கன் போதும். உறிஞ்சு போத்தலையும் துணிகளையும் பார்த்துக் குருதி இழப்பைக் கணிக்க வேண்டும். புரொங்கோஸ்கோப்பில் ரியூபைப் பார்க்க வேண்டும். எம்பைசீமா உள்ளவரில் எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது, கீழ்ப்பக்க நுரையீரலில் குமிழி வெடித்து இறுகும் காற்றுநெஞ்சு. அப்போது ஒட்சிசனும் விழும், உச்ச அமுக்கமும் ஏறும், குழாயைக் கழற்றினாலும் மீட்சி இராது. கீழே அழுந்திக் கிடக்கும் பக்கத்தை ஸ்ரெதஸ்கோப்பால் கேட்பது கடினம். திறந்த பக்கத்திலிருந்தே நடுநெஞ்சுச் சவ்வைத் திறந்து காற்றை விடுவிக்க முடியும் என்பதைச் சத்திரசிகிச்சை வைத்தியரோடு முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

ஏன் சுழற்சி விழுந்தது

மூடிய நெஞ்சில், வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும் நேரமுக்கச் சுவாசம் முதலில் இதயத்துக்குத் திரும்பும் நாளக்குருதியைக் குறைக்கும். ஒருபக்கம் திறந்த நெஞ்சில் அந்த விளைவு ஓரளவு தளரும், ஏனெனில் இதயத்தின் ஒருபக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தில் இருக்கிறது. அங்கே மேலோங்குவது மற்றதுதான்: வலது இதயவறை எதிர்கொள்ளும் தடை. நுரையீரல் நாளத் தடை, நுரையீரல் சாதாரண வெளிமூச்சின் முடிவில் இருக்கும் கொள்ளளவில்தான் மிகக் குறைவு. அதைவிடச் சுருங்கினால் பெரிய நாளங்கள் மடிந்து தடை கூடும். அதைவிட ஊதினால் சிற்றறைச் சுவருக்குள் ஓடும் மயிர்த்துளைக் குழாய்கள் தட்டையாகித் தடை கூடும். 13 பீப்பும் 27 சமநிலையும் இந்த நோயாளியின் இடது நுரையீரலை இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளிவிட்டிருந்தன. மைய நாள அமுக்கம் 14க்கு ஏறியதும் அதனால்தான். உடலில் நீர் நிறைந்ததால் அல்ல.

மாற்றிய அமைப்பு

மூச்சளவைத் தராசு காட்டும் எடையில் கணிப்பதில்லை, உயரத்தில் கணிக்கிறோம். ஆணுக்கு 50 உடன், 152.4 செ.மீ.க்கு மேலுள்ள ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 0.91 கூட்ட வேண்டும். 165 செ.மீ.க்கு 61.5 கிலோ. கிலோவுக்கு 5 மி.லீ.க்குச் சற்றுக் கீழே, 300 மி.லீ. வைக்கப்பட்டது. மூச்சு நிமிடத்துக்கு 12, விகிதம் 1:4. வெளிமூச்சுக்கு இப்போது 4 செக்கன். பீப் 3. மொத்த பீப் 5 ஆக இறங்கியது, சமநிலை 15, தள்ளும் அமுக்கம் 10. அதே 30 மி.லீ. விரியும் தன்மைதான், நுரையீரல் மாறவில்லை, நாம் கொடுத்ததுதான் மாறியது. ஒட்சிசனை 60 வீதமாகக் குறைத்து, செறிவு 92 முதல் 96 வீதம் இருந்தால் போதும் என்று விடப்பட்டது.

பத்து நிமிடத்தில் 112/64. நோரட்ரினலின் 0.03. அதை முற்றாக நிறுத்த அவசரப்படவில்லை. வலது இதயவறையின் முடியுரு நாடிக்குக் குருதி போகப் பெருநாடி அமுக்கம் வேண்டும், சிறிய அளவு நோரட்ரினலின் அதைக் காக்கும். அளவு ஏறிக்கொண்டே போனால் வஸோபிரசினைச் சேர்ப்பது எங்கள் விருப்பம், அது நுரையீரல் நாளங்களை அதிகம் சுருக்குவதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. நிமிடக் காற்று 7.6 லீற்றரிலிருந்து 3.6க்கு இறங்கியது. அரைமணி நேரத்தில் பி.எச். 7.27, காபனீரொட்சைட்டு 63, ஒட்சிசன் 108. காபனீரொட்சைட்டும் அமிலத்தன்மையும் தாமாகவே நுரையீரல் நாளங்களைச் சுருக்கும். எனவே இதை எல்லையின்றி அனுமதிக்க முடியாது. பி.எச். 7.25ஐ எல்லையாக வைத்து, கழுத்துக் குழாயிலிருந்து எடுத்த நாளக்குருதியின் ஒட்சிசன் செறிவைக் காவலாக வைத்தார்கள். வீழ்ச்சியின்போது 58 வீதமாக இருந்தது இப்போது 71. லக்டேற்று 2.9இலிருந்து 1.8. காபனீரொட்சைட்டு ஏறியும் சுழற்சி மேம்பட்டது என்றால் இந்த நோயாளிக்குப் பெரிய தீங்கு எது என்பது தெளிவு. உணவுக்குழாய் வழி எக்கோ கையில் உள்ள இடங்களில் வலது அறையை நேரடியாகப் பார்க்கலாம். இல்லாத இடத்தில் இந்த நாளக்குருதிப் பரிசோதனை மலிவானது, பத்து நிமிடத்தில் கிடைப்பது.

இரண்டாவது வீழ்ச்சி: தோடு உரிக்கும்போது

டிகோட்டிகேஷனில் வலது நுரையீரல் எப்போதும் சுருங்கியே இருப்பது சத்திரசிகிச்சை வைத்தியருக்கு உதவாது. தோட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவே எல்லை தெரிய, இடையிடையே ஊதச் சொல்வார். முதல் முறை கேட்டபோது இரண்டு குழலையும் இணைத்துப் பையை 35 செ.மீ. வரை அமுக்கிப் பிடித்தார்கள். வலது பக்கம் தோட்டுக்குள் இறுகியிருந்தது, விரியவில்லை. அந்த அமுக்கம் முழுதும் தளர்ந்த இடது நுரையீரலுக்குள் போனது. மேல் அமுக்கம் 62. கையை விட்டதும் மீண்டது.

சரியான முறை இரண்டு பக்கத்தையும் பிரிப்பது. இடது நுரையீரல் வென்டிலேட்டரில் அதே 300 மி.லீ.யில் ஓடட்டும். மூச்சுக்குழலில் திறக்கும் குழல் வலப்பக்கத்துடையது. அதற்குத் தனியாக ஒரு பையும் சரிசெய்யும் வால்வும் அமுக்கமானியும் உள்ள மேப்பிள்சன் சுற்றைப் பொருத்தி, ஒட்சிசன் நிமிடத்துக்கு 5 லீற்றர் விட வேண்டும். 10 செ.மீ.யில் தொடங்கி 15, பிறகு 20. ஒவ்வொரு படியிலும் 5 முதல் 10 செக்கன், கண் நாடியலையில். உரித்த பகுதி மெல்ல இளஞ்சிவப்பாகி வெளியே புடைக்கும், உரியாத இடம் சாம்பல் நிறத்தில் பள்ளமாகவே இருக்கும். வைத்தியருக்குத் தேவையானது அந்த வேறுபாடுதான். உரிக்கும் நேரம் முழுவதும் 5 செ.மீ. தொடர் அமுக்கம் விட்டாலும் திறந்த சத்திரசிகிச்சையில் பெரும்பாலும் இடைஞ்சல் இல்லை. கமராத் துளைவழிச் சத்திரசிகிச்சையில் அதே 5 செ.மீ. பார்வையை மறைக்கும்.

இப்படிச் செய்த பிறகு மேல் அமுக்கம் 95க்குக் கீழே போகவில்லை. வலது நுரையீரல் திறக்கத் திறக்கக் குருதிக்கு இரண்டாவது வழி கிடைத்தது. நோரட்ரினலின் தேவையே இல்லாமல் போனது. குருதி இழப்பு 700 மி.லீ., ஓர் அலகு செங்குழியம் ஏற்றப்பட்டது. மற்றபடி நீர் மணிக்குக் கிலோவுக்கு 2 மி.லீ.க்கு மேல் போகவில்லை.

முடிவில் இரு நுரையீரலையும் சேர்க்கும்போது 20 செ.மீ.க்கு மேல் போகாமல், நிமிடக்கணக்கில் நிதானமாக விரித்தார்கள். வாரக்கணக்கில் சுருங்கிய நுரையீரலைச் சட்டென விரித்தால் அதற்குள் நீர் கோர்க்கும். வடிகுழாய்கள் இரண்டும் முதலில் நீரடைப்பில் மட்டும், உறிஞ்சல் சில மணி நேரம் கழித்து 10 செ.மீ.யில். மேசையிலேயே ரியூபைக் கழற்றினார்கள். இத்தகைய நோயாளியை ஓய்வுக்கென்று வென்டிலேட்டரில் விட்டுவைத்தால் காற்றுக் கசிவும் நீளும், வலது இதயவறையின் சுமையும் நீளும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போது வடிகுழாயைக் கிளிப் போட்டு அடைக்கக்கூடாது. போத்தல் நெஞ்சுக்குக் கீழே இருந்தால் போதும்.

பின்னர்

காற்றுக் கசிவு நான்காம் நாள் நின்றது, வடிகுழாய்கள் ஆறாம், எட்டாம் நாட்களில் எடுக்கப்பட்டன. உரித்த தோடு காசநோய்க்கான விரைவு மரபணுச் சோதனையான ஜீன்எக்ஸ்பேர்ட்டுக்கும் கிருமி வளர்ப்புக்கும் அனுப்பப்பட்டது. வளர்ப்பின் முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பதால் மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் திகதி கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் அவரது டயக்னோசிஸ் அட்டையில் நோயின் பெயரோடு இன்னும் இரண்டு வரிகள் சேர்க்கப்பட்டன: நேரமுக்கச் சுவாசத்தில் ஓட்டோ-பீப் 8, குழாயைக் கழற்றியதும் அமுக்கம் மீண்டது, ஒற்றை நுரையீரலுக்கு 300 மி.லீ., 12 மூச்சு, 1:4, பீப் 3 ஏற்றது. அவருக்கு அடுத்த மயக்கம் குடலிறக்கத்துக்காகவோ கால் முறிவுக்காகவோ, இரவு இரண்டு மணிக்கு, வேறொருவரின் கையில் நடக்கலாம். அந்த வைத்தியர் நோயாளியைப் பார்க்குமுன் பார்ப்பது அந்த அட்டையைத்தான்.